துபாயை நாமும் ஸ்டைலாகச் சுற்றிப் பார்க்கலாம்!

ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் பற்றி வாசகிகள் எழுதும் பயணக் குறிப்புகளை ஒன்று விடாமல் படிப்பவள் நான். இந்த முறை நான் எழுதப் போவது துபாய் பற்றி. "துபாயா? அது சினிமாக்காரர்களும் பணக்காரர்களும் போகிற ஊராச்சே!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நான் அறந்தாங்கி பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்த, பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. என்னால் முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்.

எங்களுக்குத் திருமணமாகி 15 வருடங்கள் ஆகின்றன. அதில் 13 வருடமாக என் கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருடம்தான் தேறும். துபாய் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கொண்டு வரும் சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், கம்பளிப் போர்வை. அவ்வளவுதான். என் வாழ்க்கையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஊரை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், கடந்த ஜனவரியில், மகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திருச்சியில் விமானம் ஏறினேன். நாலு மணி நேரப் பயணம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரைதான் சரியான காலம். வெயில் பளிச்சென்று இருக்கும், ஆனால் சுடாது. மே முதல் செப்டம்பர் வரை 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே சட்டம் போட்டிருக்கிறது என்றால் அந்த வெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள்! "ஜூன்ல ரொம்ப வேலைம்மா" என்று இவர் போனில் சொல்வதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. ஊரே ஏசியில் வாழ்கிறது. ஏசி நின்றால் ஊரே நின்றுவிடும்.

விசிட் விசா 30 நாள், 60 நாள் என்று கிடைக்கிறது. ஒரு முக்கியமான விஷயம். விசிட் விசாவில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். "முதலில் விசிட்டில் போங்க, அங்கே போனதும் வீட்டு வேலை வாங்கித் தருகிறோம்" என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள் சகோதரிகளே.

பெட்டியில் கவனம்

நாம் ஆசையாக அரைத்துக் கொண்டுபோகும் குருமாப் பொடியில் கசகசா இருக்கக் கூடாது. அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள்! நம் சமையலறைச் சாமான் என்று நாம் நினைப்போம், அவர்களோ போதைப் பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பான் வகைகளும் கூடாது. சில வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும்கூடக் கட்டுப்பாடு உண்டு. எந்த மருந்து கொண்டு போனாலும் டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். கராமாவில் இருக்கும் என் சித்தி மகன் வீட்டில்தான் தங்கினேன். அந்த அண்ணி போனிலேயே இதையெல்லாம் எச்சரித்ததால் கசகசா போடாத பொடி, முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாயோடு நிம்மதியாக இறங்கினேன்.

உடையைப் பற்றிப் பயம் வேண்டாம். புடவை, சுடிதார் எல்லாம் தாராளமாக உடுத்தலாம். தோளும் முழங்காலும் மறைந்திருந்தால் எந்தக் கடைக்கும் போகலாம். காட்டன் புடவை, வெயிலுக்கு ஒரு கூலிங் கிளாஸ், நடப்பதற்கு நல்ல செருப்பு. என்னுடைய ஸ்டைல் இவ்வளவுதான். கூலிங் கிளாஸை அங்கேயே தெருக்கடையில் 10 திர்ஹத்துக்கு இவர் வாங்கித் தந்தார். ஒரு திர்ஹம் நம் காசில் 20 ரூபாய்க்கு மேல். மனசுக்குள் கணக்குப் போட்டு "ஐயோ, 200 ரூபாயா!" என்றேன். "இங்க வந்து ரூபாக் கணக்குப் போட்டா டீ கூடக் குடிக்க முடியாது, போட்டுக்க" என்றார்!

ஒரு திர்ஹத்தில் படகுப் பயணம்

துபாயைப் பார்க்கப் பழைய ஊரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கடல், ஊருக்குள் ஒரு வாய்க்கால் போலப் புகுந்து நிற்கிறது. இக்கரை பர் துபாய், அக்கரை தேரா. நடுவில் 'ஆப்ரா' என்கிற மரப் படகில் போய் வரலாம். ஒரு திர்ஹம்தான் கட்டணம். அரபிக்காரர், பாகிஸ்தானி, பிலிப்பைன்ஸ் பெண், நம்ம ஊர்க்காரர் எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, முகத்தில் உப்புக் காற்று பட, கடற்பறவைகள் கூடவே பறந்து வர... ஆயிரம் திர்ஹம் கொடுத்தாலும் இந்த சுகம் வேறு எங்கும் கிடைக்காது.

1966-இல் எண்ணெய் கண்டுபிடிப்பதற்கு முன்பு இந்த ஊர் முத்துக் குளித்துப் பிழைத்த ஊராம். ஜப்பானில் முத்தை வளர்த்து எடுக்கத் தொடங்கியதும் 1930-களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. இன்னொரு ஆச்சரியம். 1966 வரை அங்கே புழங்கியது நம் ரூபாய்தான்! 1959-க்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனி நோட்டு அடித்துக் கொடுத்ததாம். அல் பஹிதி என்ற பழைய தெருக்களில் வீட்டுக்கு மேல் சதுரமாக ஒரு கோபுரம் நிற்கும். மேலே வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் காற்றுக் கோபுரம் அது. "இதுதான் அந்தக் காலத்து ஏசி" என்று இவர் பெருமையாக விளக்கினார்.

தேராவில் வாசனைப் பொருள் கடைத்தெரு. குங்குமப்பூ, சாம்பிராணி, காய்ந்த எலுமிச்சை என்று மூக்கைத் துளைக்கும். அதை அடுத்து தங்கக் கடைத்தெரு. அப்பப்பா! ஒரு கடையில் 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள மோதிரம், கின்னஸ் சாதனையாம், கண்ணாடிக்குள் இருக்கிறது. எந்த யானை விரலுக்கோ!

நகை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தங்கத்தின் அன்றைய விலை எல்லாக் கடையிலும் எழுதிப் போட்டிருக்கும். அதில் பேரம் கிடையாது. செய்கூலியில்தான் பேச வேண்டும். 5 சதவீதம் வரி உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டி பில் வாங்கினால் சுற்றுலாப் பயணிகளுக்கு அதில் ஒரு பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். ஆனால் நம் ஊர் சுங்கத்தில் 40 கிராம் வரை நகைச் சலுகை என்பது, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கி இருந்து திரும்பும் பெண்களுக்குத்தான். என்னைப் போல ஒரு மாதம் போய் வருகிறவர்களுக்கு இல்லை. "ஒரு செயின் எடுத்துக்க" என்று இவர் சொன்னபோது நான் இதைச் சொல்லித்தான் தப்பித்தேன்.

டிரைவர் இல்லாத ரயில்

2009-இல் தொடங்கிய மெட்ரோ ரயிலுக்கு டிரைவரே கிடையாது. 20 திர்ஹத்துக்கு ஒரு நாள் பாஸ் வாங்கினால் ரயில், பஸ் இரண்டிலும் நாள் முழுக்கச் சுற்றலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் உண்டு. கோட்டைத் தாண்டி ஆண்கள் நின்றால் 100 திர்ஹம் அபராதம். தின்றாலும் குடித்தாலும், பபிள்கம் மென்றாலும்கூட அதே 100. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டே போனோம். பெண்களே ஓட்டும் டாக்சியும் இருக்கிறது. கூரை ரோஸ் நிறத்தில் இருக்கும். சாமி கும்பிட ஜெபல் அலியில் 2022-இல் திறந்த அழகான கோவில் இருக்கிறது. பக்கத்திலேயே சர்ச்சுகளும் சீக்கியர் குருத்வாராவும் இருக்கின்றன.

துபாய் மால் ஸ்டேஷனில் இறங்கினால் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஏசி போட்ட பாலத்தில் நடந்து போக வேண்டும். மாலில் எதுவும் வாங்காமலே ஒரு நாள் பொழுது போகும். மீன் காட்சிச்சாலையின் பெரிய கண்ணாடிச் சுவர் வெளியிலிருந்தே தெரியும், காசு வேண்டாம். சாயங்காலம் ஆனதும் வெளியே குளத்தில் நீரூற்று நடனம், அரை மணிக்கு ஒருமுறை. அதற்கும் காசு வேண்டாம்.

கடற்கரைக்கு ஜுமேரா போங்கள். பாய்மரம் மாதிரி நிற்கும் புர்ஜ் அல் அரப் ஓட்டலை மணலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கடலுக்குள் தீவு கட்டி எழுப்பி 1999-இல் திறந்தது. எங்கள் மணமேல்குடிக் கடலில் சூரியன் உதிக்கும். அங்கே சூரியன் கடலில் இறங்குகிறது. 15 வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த முதல் அஸ்தமனம் அதுதான். ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அடுத்தவர்களை, முக்கியமாக அந்நாட்டுப் பெண்களை, கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது.

கையேட்டில் இல்லாத இடம்

இவர் தங்கியிருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். "அங்க பாக்க என்ன இருக்கு?" என்று தட்டிக் கழித்தார். விடவில்லை. சோனாப்பூர் என்று பெயர். இந்தியில் பொன் ஊர் என்று அர்த்தமாம். வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகள், கம்பெனி பஸ்கள், கயிறு முழுக்கக் காயும் சட்டைகள். ஆண்கள் மட்டும் தங்கும் இடம் என்பதால் உள்ளே போகவில்லை. வெளியே டீக்கடையில் நின்றோம். ஒரே அறையில் இவரோடு தங்கியிருக்கும் ஐந்து சகோதரர்களும், "வாங்க அண்ணி" என்று குளித்துத் தலைவாரி வந்து நின்றார்கள். முறுக்கையும் ஊறுகாயையும் கொடுத்தேன். ஒரு தம்பி ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துபாய் போகிற தோழிகள் எந்த மாலைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் வீட்டு ஆண் தங்கும் இடத்தை மட்டும் பார்க்காமல் வராதீர்கள்.

124-ஆவது மாடியில்

கடைசி ஞாயிறு, இவருக்கு லீவு. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா உலகிலேயே உயரமான கட்டடம். 2010 ஜனவரியில் திறந்தார்கள்.

"ஏங்க, இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, ஒரு தடவைகூட மேல போகலியா?"

"கீழ நின்னு பாக்கக் காசு கேக்கலியே, அது போதாதா?"

சீட்டுப் பணத்தில் மிச்சம் வைத்திருந்தேன். காலை நேர டிக்கெட் சற்று மலிவு. அஸ்தமன நேரம்தான் விலை அதிகம். இரண்டு பேருக்கு 350 திர்ஹத்துக்கு மேல் ஆனது. "இந்தக் காசுக்குப் பாப்பாவுக்கு..." என்று இவர் ஆரம்பித்தார். "பாப்பாவுக்குத்தான் இத்தனை வருஷமும். இது உங்களுக்கு" என்றேன். லிஃப்ட்டில் ஒரு நிமிடத்தில் 124-ஆவது மாடி. எல்லாரும் கடலையும் தீவுகளையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கண்ணாடியில் விரல் வைத்து, "அதோ அந்த வெள்ளைக் கட்டடம் தெரியுதா, அது 2016-ல நாங்க டக்ட் போட்டது. அதுக்குப் பின்னால உள்ளது, பாப்பா ஸ்கூல் சேர்ந்த வருஷம். இந்தப் பக்கம் ரெண்டு கோபுரம், அப்பா தவறினப்ப வர முடியாமப் போச்சே, அப்ப செஞ்ச வேலை" என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் பிரிந்திருந்த வருடங்களெல்லாம் கீழே கட்டடம் கட்டடமாக நின்றன. எனக்கு அந்த ஊர் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர் போனில் "வேலை முடிஞ்சு வந்துட்டேன்" என்று சொல்லும்போது எங்கிருந்து வந்தார், எந்தக் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தோழிகளே, கணவர் வளைகுடாவில் இருந்தால் செயினுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை டிக்கெட்டுக்கு ஒதுக்குங்கள். தங்குவதற்கு உறவினர் வீடு இருந்தால் பாதிச் செலவு மிச்சம். படகு, ரயில், கடற்கரை, நீரூற்று, 1, 2 திர்ஹத்துக்குக் கிடைக்கும் ஏலக்காய் டீ... துபாயில் நான் ரசித்ததில் முக்கால்வாசி காசில்லாததும் சில்லறைக் காசில் முடிந்ததும்தான். அவருடைய லீவு நாளைக் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். போய் வந்து, உங்கள் அனுபவத்தையும் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்!

- ஒரு வாசகி, அறந்தாங்கி.