நோய்க்கு முன்னால் வந்த நர்ஸ்

1900களின் தொடக்கத்தில், ஜூலை மாதம் பிறந்தாலே நியூயார்க்கின் ஏழைத் தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1902 கோடையில் அந்த நகரத்தில் வாரத்துக்கு 1,500 கைக்குழந்தைகள் வரை இறந்ததாக டாக்டர் சாரா ஜோசபின் பேக்கர் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். காரணம், பெரும்பாலும் வயிற்றுப்போக்கு.

லோயர் ஈஸ்ட் சைடு என்ற பகுதி இதில் ரொம்பவே அடிபட்டது. இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் கப்பலேறி வந்து நெருக்கியடித்துக் குடியிருந்த இடம் அது. ஐந்தாறு மாடிக் கட்டடங்களில் வெளிச்சமோ காற்றோ எட்டாத உள்ளறைகள். தெருவெல்லாம் குதிரைச் சாணம், அதில் மொய்க்கிற ஈ. மளிகைக்கடையில் பெரிய தகரக் கேனில் பால் இருக்கும். கேட்பவர்களுக்கெல்லாம் கடைக்காரர் அதில் குவளையை விட்டு மொண்டு ஊற்றுவார். வீட்டிலும் ஐஸ் வாங்க வசதி கிடையாது.

வெதுவெதுப்பான பாலில் கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடும். காலை 6 மணிக்கு ஒன்று இருந்தால் நண்பகலில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். பெரியவர்கள் ஒரு நாள் அவதிப்பட்டு எழுந்துவிடுவார்கள். பச்சைக் குழந்தைக்கு உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர்தான். நாலைந்து முறை போனாலே கண் குழிந்து, உச்சி உள்வாங்கிவிடும். உப்பு-சர்க்கரைக் கரைசல் வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

வணிகர் நாதன் ஸ்ட்ராஸ் 1893-லேயே பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலை மலிவு விலைக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நல்ல காரியம்தான். ஆனால் நல்ல பால் வாங்கியவளும் அதை அடுப்படியில் திறந்து வைத்தால்?

நகரச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பேக்கர் 1908 கோடையில் எளிமையான ஒன்றைச் செய்தார். பள்ளிகள் விடுமுறையில் இருந்ததால் பள்ளி நர்ஸ்கள் சுமார் 30 பேர் கிடைத்தார்கள். லோயர் ஈஸ்ட் சைடில் முந்தின நாள் பதிவான பிறப்புகளின் முகவரிகள் அவர்கள் கைக்குப் போயின. குழந்தை நன்றாக இருக்கும்போதே நர்ஸ் கதவைத் தட்டினாள். தாய்ப்பால் கொடு, தினம் குளிப்பாட்டு, ஜன்னலைத் திற, இந்த வெயிலில் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டாதே. அவ்வளவுதான், மருந்து மாத்திரை எதுவும் இல்லை. அந்தக் கோடையில் அந்தப் பகுதியில் மட்டும் முந்தின ஆண்டைவிட 1,200 சாவுகள் குறைந்தன. அதே ஆண்டில் நகரம் அவருக்கென்று குழந்தை நலப் பிரிவையே ஏற்படுத்தியது.

தாய் வேலைக்குப் போனால் தம்பி தங்கையைச் சுமப்பது அக்காதான். அதையும் பேக்கர் கவனித்தார். 12 வயதைத் தாண்டிய சிறுமிகளைச் சேர்த்து 'சின்னத் தாய்மார்' சங்கம் வைத்து, புட்டி கழுவுவது முதல் கற்றுக்கொடுத்தார். ஆங்கிலம் புரியாத அம்மாவுக்கு அந்தச் சிறுமியே வீட்டு மொழியில் பாடம் நடத்தினாள். எந்த அரசு அலுவலரைவிடவும் அவள் பேச்சு எடுபட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாருக்கும் இது இனிக்கவில்லை. புரூக்ளின் டாக்டர்கள் சிலர் மேயருக்கு மனு எழுதினார்கள்: குழந்தைகளுக்கு நோயே வராமல் செய்து எங்கள் தொழிலைக் கெடுக்கிறது இந்தப் பிரிவு, இதை மூடுங்கள். தன் வேலைக்குக் கிடைத்த பாராட்டாகவே பேக்கர் அதை எடுத்துக்கொண்டார்.