கடைசிப் பக்கத்தில் வந்தால் குற்றம் குற்றமில்லையா?

எங்கள் தோட்டத்தில் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். காற்பந்து செய்தி முதலில், பிறகு சினிமா, அதன் பிறகு மரண அறிவிப்பு. முன்பக்கத்து அரசியலுக்கு வந்து சேர்வதற்குள் தேநீர் ஆறிவிடும். ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகும் மலைச்சாலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். அங்கே என் பெரியப்பா ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். நாளிதழ் அந்தக் கடைக்குத்தான் வரும். ஒரே பிரதியை இருபது பேர் படிப்பார்கள். எல்லாரும் படித்து முடித்ததும் காற்பந்துப் படங்களை வெட்டி என் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்வது என் வேலை.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் போன விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் இப்போது பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை மாணவி. பழைய ஆசைக்காகப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்.

2019ஆம் ஆண்டு, ஜனவரி. தைப்பூசம் அந்தத் திங்கட்கிழமைதான் முடிந்திருந்தது. நான் படிவம் 1இல் சேர்ந்து மூன்று வாரம். செவ்வாய்க்கிழமை, ஜனவரி 22ஆம் தேதி, கிறிஸ்டியானோ ரொனால்டோ மாட்ரிட் நீதிமன்றத்துக்கு வந்தார். ரியல் மாட்ரிட்டில் ஆடிய காலத்தில் வரி ஏய்ப்பு செய்ததாக அவர்மீது வழக்கு. முகத்தையும் பெயரையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்தும் உரிமையில் வந்த வருமானத்தை, பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் இருந்த ஒரு நிறுவனத்தின் வழியாக ஸ்பெயின் வரி அதிகாரிகளின் பார்வையில் படாமல் வைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 23 மாதச் சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. மொத்தம் 18.8 மில்லியன் யூரோ கட்ட ஒப்புக்கொண்டார். ஸ்பெயினில் முதல் முறை குற்றம் செய்தவருக்கு, வன்முறை இல்லாத வழக்கில், இரண்டு ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால் பொதுவாகச் சிறைக்குப் போகத் தேவையில்லை. கார் நிறுத்துமிடம் வழியாக உள்ளே போக அனுமதி கேட்டார், நீதிமன்றம் மறுத்தது. ஆகவே முன்வாசல் வழியாக வந்தார். கறுப்புக் கண்ணாடி, சிரிப்பு, பக்கத்தில் காதலி, ரசிகர்களுக்குக் கையெழுத்து.

அந்தப் படத்தைத்தான் நான் வெட்டி ஒட்டியிருந்தேன். பக்கத்தில் இதயக் குறி வேறு.

நான் வெட்டாமல் விட்ட செய்தி ஒன்று அதே வாரம், அதே நாளிதழின் உள்பக்கத்தில் வந்தது. வரி கட்டாத சிகரெட்டுகளைக் கடையில் விற்றதற்காகப் பெரியப்பா பிடிபட்டார். மூன்று காட்டன். தலைப்பு இன்றும் நினைவிருக்கிறது: ‘கடத்தல் சிகரெட்: தோட்டக் கடைக்காரர் சிக்கினார்’. முழுப் பெயர், வயது, தோட்டத்தின் பெயர், சட்டையால் முகத்தை மறைத்த படம் எல்லாம் இருந்தன. அது எந்த நாளிதழ் என்பது இங்கே முக்கியமில்லை. எதுவாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

பெரியப்பா செய்தது தவறு. அதை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், அபராதம் கட்டினார். பெரியம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. என் மனத்தில் நிற்பது அபராதம் அல்ல. இரண்டு மாதம் அவர் கோயிலுக்கு வரவில்லை. பள்ளிப் பேருந்தில் என் தம்பியை ‘சிகரெட்’ என்றே கூப்பிட்டார்கள். அதே பேருந்தில் பாதிப் பையன்கள் 7ஆம் எண் ஜெர்சி வைத்திருந்தவர்கள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். அப்போது ஒரு சிகரெட்டுக்குக் கலால் வரி 40 சென். மூன்று காட்டனில் 600 சிகரெட். ஆகக் கலால் வரி மட்டும் 240 வெள்ளி. ரொனால்டோ கட்ட ஒப்புக்கொண்ட தொகை அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 88 மில்லியன் வெள்ளி. அந்த மாதம்தான் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் ஒருவர் அந்தத் தொகையைச் சம்பாதிக்க 6,600 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதே 1929இல்தான்.

எங்கள் விரிவுரையாளர் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்: ஒரு செய்தியை எடுத்து, ஆளை மட்டும் மாற்றி எழுதுங்கள் என்று. நான் இந்த இரண்டையும் இடம் மாற்றினேன். பெரியப்பாவை விளையாட்டுப் பக்கத்து நடையில் எழுதினால் இப்படி வந்தது: ‘வரிச் சிக்கலிலிருந்து மீண்டார் ரிங்லெட் மளிகை நாயகன். நீதிமன்றத்தில் புன்னகையுடன் காணப்பட்ட அவர், நாளைக் காலை வழக்கம்போல் கடையைத் திறந்து வாடிக்கையாளர்களை மகிழ்விப்பார் என எதிர்பார்க்கப்படுகிறது.’ ரொனால்டோவை நீதிமன்றப் பக்கத்து நடையில்: ‘வரி ஏய்ப்பு: 33 வயது வெளிநாட்டு ஆடவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.’ வகுப்பே சிரித்தது. ஆனால் இரண்டாவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஸ்பெயினில் வேலை செய்த போர்ச்சுகல்காரர், வயது 33. நம் ஊரில் வேலைக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் பிடிபட்டால் எப்படி எழுதுகிறோமோ, அப்படி.

மெஸ்ஸி ரசிகர்கள் இதற்குள் கை தட்டியிருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். 2016 ஜூலையில் பார்சிலோனா நீதிமன்றம் லியோனல் மெஸ்ஸிக்கும் அவர் தந்தைக்கும் 21 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. 2007 முதல் 2009 வரையிலான 4.1 மில்லியன் யூரோ வரி, பெலீஸ், உருகுவே போன்ற நாடுகளின் நிறுவனங்கள் வழியாக மறைக்கப்பட்டது என்பது வழக்கு. கணக்கு வழக்கெல்லாம் அப்பாதான் பார்த்தார், நான் காற்பந்து மட்டும்தான் ஆடினேன் என்றார் மெஸ்ஸி. வரிப் பாக்கிக்காக 2013இலேயே 5 மில்லியன் யூரோ கட்டியிருந்தார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பிறகு சிறைக்குப் பதில் அபராதம்: ஒரு நாளுக்கு 400 யூரோ வீதம் 252,000 யூரோ. தீர்ப்பு வந்த அதே வாரம் பார்சிலோனா மன்றம் என்ன செய்தது தெரியுமா? ‘நாம் அனைவரும் மெஸ்ஸி’ என்று இயக்கம் நடத்தியது. இரு கைகளையும் விரித்துப் படம் எடுத்துப் போடுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. கேலி செய்தவர்களும் நிறைய, போட்டவர்களும் நிறைய. எனக்குப் பத்து வயது. நானும் கையை விரித்தேன்.

ஸ்பெயினில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. பார்சிலோனாவிலிருந்து வரும் விளையாட்டு நாளிதழ்கள் பார்சா பக்கம், மாட்ரிட்டிலிருந்து வரும் மார்க்கா, ஆஸ் இரண்டும் ரியல் மாட்ரிட் பக்கம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பத்திரிகையே ஓர் அணிக்கு ஆடும்போது, வரிக் குற்றமும் நடுவரின் தவறான விசில் மாதிரி ஆகிவிடுகிறது. எதிரணிக்காரர் செய்தால் மோசடி, நம்மவர் செய்தால் சதி.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து மிக அப்பட்டமான உதாரணம் ஸ்கொட்லாந்தில் நடந்தது. கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் மன்றம் 2001 முதல் 2010 வரை, விளையாட்டாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஓர் அறக்கட்டளை வழியாகப் பணம் கொடுத்தது. சம்பளம் என்றால் வரி. அதனால் அதற்கு ‘கடன்’ என்று பெயர் வைத்தார்கள். யாரும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்காத கடன்! அது சம்பளம்தான், வரி உண்டு என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் சொன்னது. அதற்கு வெகு முன்பே, வேறு வரிப் பாக்கியும் சேர்ந்துகொள்ள, மன்றத்தை நடத்திய நிறுவனம் 2012இல் திவாலானது. அந்தப் பகுதியின் விளையாட்டுச் செய்தியாளர்கள் தினமும் அந்த அரங்கத்துக்குப் போய்வந்தவர்கள். ஆனால் இந்த வரி விவகாரத்தை விடாமல் துருவி எழுதியவர் பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதிய ஒருவர். 2012இல் அந்த எழுத்துக்கு ஆர்வெல் பரிசு கிடைத்தது.

செய்தியாளர்கள் ஏன் எழுதவில்லை? சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. 2011இல் மன்றத்தின் புதிய உரிமையாளரைப் பற்றி பிபிசி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அவர் முன்பு ஏழு ஆண்டுகள் நிறுவன இயக்குநராக இருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று அது சொன்னது. ரேஞ்சர்ஸ் உடனே பிபிசியுடன் ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. பேட்டி இல்லை என்றால் விளையாட்டுப் பக்கத்துக்குச் செய்தி இல்லை. நீதிமன்றச் செய்தியாளருக்கு இந்தப் பயம் கிடையாது. பெரியப்பாவிடம் நாளைக்கு யாரும் பேட்டி கேட்கப் போவதில்லை.

2012 பிப்ரவரியில் ரேஞ்சர்ஸ் தத்தளித்தபோது அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், வரித்துறை மன்றத்தோடு சேர்ந்து ஒரு வழி காண வேண்டும், மன்றம் பிழைக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். நான்கு மாதம் கழித்து, ஜிம்மி கார் என்ற நகைச்சுவைக் கலைஞர் சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்தி வரியைத் தவிர்த்த செய்தி முதல் பக்கத்தில் வந்தது. அது ஒழுக்கக்கேடு என்று அதே கேமரன் பெயர் சொல்லிக் கண்டித்தார். (எங்கள் மலைக்குப் பெயர் தந்தவர் வேறு கேமரன். 1885இல் வந்த நில அளவையாளர்.)

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். வரி ஏய்ப்பு வேறு, வரித் தவிர்ப்பு வேறு. வருமானத்தை மறைத்துப் பொய்க் கணக்குக் காட்டினால் ஏய்ப்பு. அது குற்றம். நம் நாட்டின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்தின் சந்து பொந்துகளில் நுழைந்து வரியைக் குறைத்துக்கொண்டால் தவிர்ப்பு. அது குற்ற வழக்காகாது. ஆனால் அந்த ஏற்பாட்டையே செல்லாது என்று ஒதுக்கிவைக்க 140ஆம் பிரிவு வருமான வரி வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. விளையாட்டுப் பக்கம் இந்த இரண்டையும் சேர்த்து ‘வரிச் சிக்கல்’ என்று எழுதிவிடுகிறது. சிக்கல் என்றால் தானாக விழுந்த முடிச்சு. யாரோ போட்டது போலவே தெரியாது.

கடன் என்ற சொல்லும் இப்படித்தான். பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கிய அண்ணன் அக்காமார் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். 2018 வரை, தவணை கட்டாதவர்களின் பெயர் குடிநுழைவுத் துறையின் பட்டியலில் ஏறியது, வெளிநாடு போக முடியவில்லை. அப்போது வந்த செய்திகளில் அவர்களுக்கு ‘பொறுப்பற்றவர்கள்’ என்ற அடைமொழி சாதாரணமாக வரும். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும், நானும் கட்டப் போகிறவள்தான். ஆனால் கிளாஸ்கோவில் திருப்பிக் கட்டாத கடன் வாங்கிய நட்சத்திரங்களுக்கு இந்த அடைமொழியை நான் எங்கும் படித்ததில்லை.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். ரூய் பின்டோ என்ற போர்ச்சுகல் இளைஞர் காற்பந்து உலகின் மறைவான ஆவணங்களை ‘ஃபுட்பால் லீக்ஸ்’ என்ற பெயரில் வெளிக்கொண்டுவந்தார். 2016 டிசம்பரில் ஜெர்மனியின் டேர் ஷ்பீகல் உள்ளிட்ட ஐரோப்பிய ஊடகங்கள் அவற்றை வைத்து ரொனால்டோவின் வரி விவகாரத்தை எழுதின. மாட்ரிட் நீதிபதி ஒருவர் அதை வெளியிடத் தடை போடப் பார்த்தார். ரொனால்டோ சிரித்துக்கொண்டே நீதிமன்றத்துக்கு வந்த அதே 2019 ஜனவரியில், ஆறு நாள் முன்னதாக, பின்டோ புடாபெஸ்ட்டில் கைதானார். ஓராண்டுக்கு மேல் காவலில் இருந்தார். அவர் மீது மிரட்டிப் பணம் பறிக்க முயன்ற குற்றச்சாட்டும் இருந்தது, 2023இல் அது நிரூபணமாகி ஒத்திவைக்கப்பட்ட தண்டனையும் வந்தது. அவரை வீரர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கதையில் உள்ளே இருந்தவர் அவர் ஒருவர்தான். என் நோட்டுப் புத்தகத்தில் அவர் படம் இல்லை.

பத்திரிகையை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்துக்கு ஐரோப்பியச் செய்தி இரவில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களிலிருந்து வருகிறது. ஒரே ஆசிரியர், நான்கு ஆட்டங்களின் முடிவு, அச்சுக்குப் போகும் நேரம். வந்ததை மொழிபெயர்த்துப் போடுவார். மேலும், ரொனால்டோவைக் குற்றவாளி என்று தலைப்பிட்டிருந்தால் நாங்களே அந்த நாளிதழை வாங்கியிருக்க மாட்டோம்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கடை மூடி நாளாகிவிட்டது. அந்த வாரத்துப் படத்தைக் காட்டி, இது உங்கள் செய்தி வந்த அதே வாரம், இவரும் வரி வழக்குத்தான் என்றேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எவ்வளவுமா?”

சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“உள்ள எத்தன நாள் இருந்தாரு?”

“ஒரு நாளும் இல்ல பெரியப்பா.”

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு உள்ளே பார்த்துத் தம்பியிடம் கேட்டார்: “டேய், போர்ச்சுகல் ஆட்டம் இன்னிக்கு எத்தன மணிக்குடா?”