மலைப்பாதை மாறிய ஊர்: பெரியகுளம்

பழனி மலைத்தொடரின் தென்சரிவில் பிறக்கும் வராக நதி, சோத்துப்பாறை அணையில் தேங்கிப் பின் சமவெளிக்கு இறங்கி, பெரியகுளத்தைத் தென்கரை, வடகரை என இரண்டாகப் பிரித்துக்கொண்டு, மேல்மங்கலம், ஜெயமங்கலம் வழியாகச் சென்று வைகையில் சேர்கிறது. அடிவாரத்து மேட்டு நிலங்களில் மாவும் இலவமரமும், ஜெயமங்கலம் பக்கத்துப் பள்ளமான நிலங்களில் நெல்லும் தென்னையும் விளைகின்றன. அவற்றுக்கு நீர் தருபவை கண்மாய்கள், அதாவது ஆற்றுநீரையும் மழைநீரையும் மண்கரையால் தேக்கும் ஏரிகள். தாய்ப்பன்றியை ராஜேந்திர சோழனின் வேட்டையில் இழந்த குட்டிகளுக்கு முருகன் பாலூட்டியதாலேயே ஆற்றுக்கு வராக (பன்றி) நதி என்ற பெயர் வந்ததென்று தென்கரை பாலசுப்பிரமணியர் கோயிலின் தல புராணம் கூறுவதை வரலாறாகக் கொள்ள இயலாது.

ஊரின் பழைய முக்கியத்துவம் மலையேறும் வழியால் வந்தது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய பிறகு, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டியில் வருவோர், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இறங்கி, குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமக்கும் டோலி என்னும் நாற்காலியிலோ, வசதியற்றோர் கால்நடையாகவோ ஒற்றையடிப் பாதையில் ஏறினர். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மோட்டார் சாலை திறந்ததும் இந்த வழி ஓய்ந்தது. 1928இல் வந்த மதுரை–போடி ரயில் ஆண்டிபட்டி, தேனி வழியே சென்று பெரியகுளத்தைத் தொடாமலே போயிற்று. 1990களில் மதுரையிலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்துக்குத் தேனியே தலைநகரானது. 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் பெரியகுளம் மக்களவைத் தொகுதியும் மறைந்தது. கோட்டாட்சியர் அலுவலகம் மட்டும் எஞ்சியதென்று இதைப் புலம்பலாகச் சொல்வோர், 1957இல் இங்கு தொடங்கிய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை மறந்துவிடுகின்றனர்.

முருங்கையை வழக்கமாகக் கிளையை வெட்டி நடுவார்கள். இந்நிலையத்தார் தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கி, 1989இல் வெளியிட்ட 'பி.கே.எம்.1' செடிமுருங்கையோ, விதையிலிருந்து முளைத்து ஏறத்தாழ ஆறே மாதத்தில் இரண்டடிக்கு மேல் நீளமான காய்களைத் தருவதால், உழவர் அதனை ஆண்டுப்பயிராகவே சாகுபடி செய்ய முடிந்தது. அந்த மூன்று எழுத்துகள் பெரியகுளத்தைக் குறிப்பவை. முருங்கை இலையைச் சத்துணவாக்க முனைந்த ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்த விதை விதைக்கப்படுகிறது.