பரமார்த்த குருவும் அசைவூட்டப் படமும்

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் புதுவை மறைப்பணியைச் சார்ந்த துபுவா அடிகள் பிரெஞ்சில் பெயர்க்க, அது 1826இல் பாரிசில் அச்சாயிற்று. மொழி கடந்த இந்நகை, அசைவூட்டப் படத்தில் நிலைக்குமோ என்பதே ஈண்டு யாம் ஆராய்வது.

டிஸ்னி நிறுவனத்தின் 'பால் பன்யன்' (1958) படத்தில் அம்மரவெட்டி வீரனின் அடிச்சுவடுகள் ஏரிகளாகின்றன. மிகையை மெய்யென வரைந்து காட்டுதலே வீரக் கதைக்கு வலிவு. பேதைமைக் கதைக்கோ அதுவே கேடாம். ஆறு உறங்குகின்றதா என்றறியச் சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றான். 'சுர்' என்னும் ஓசை கேட்டு, ஆறு விழித்ததென அஞ்சி ஓடுகின்றான். ஓவியர் (ஆர்வமிகுதியால் செய்யவுங்கூடும்) ஆற்றுக்குக் கண் வரைந்து விழிக்கச் செய்வாராயின், சீடன் மூடனாகான். கண்டதை உரைத்தவனே ஆவான். நகை ஆண்டே மாயும். குதிரை முட்டைக் கதைக்கு இவ்விடர் இல்லை. பூசணிக்காய் விழுந்துடையப் புதரினின்று ஓடும் முயலை முயலாகவே வரைந்தாற் போதும். அதனைக் குதிரைக்குட்டியெனத் துரத்துவோரைக் கண்டு நகைப்போம்.