பேசாதிருக்கும் பிள்ளை பேதைப் பிள்ளையா?

வகுப்பறையின் கடைசி வாங்கிலே ஒரு பிள்ளை வாய் திறவாது அமர்ந்திருக்கிறது. ஆசிரியர் வினாவுகின்றார், விடை வரவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கும் வேளையில் அதுவும் சிரிக்கிறது. ஆனால், எதற்காகச் சிரித்தார்கள் என்பதை அறியாது. இத்தகைய பிள்ளைக்கு ‘மந்தபுத்தி’ என்ற பெயர் வந்து சேர அதிக நாட் செல்வதில்லை. அப்பிள்ளையின் வீட்டுமொழி வேறு, பாடசாலையின் மொழி வேறு என்பதைச் சற்றே நினைத்துப் பார்ப்போமாயின், குறை பிள்ளையிடத்து உள்ளதா, அன்றிக் கற்பிக்கும் முறையில் உள்ளதா என்ற ஐயம் நமக்கு எழாமற் போகாது.

இந்த ஐயம் ஒரு காலத்தில் நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதனை ஆராய்ந்து அளித்த தீர்ப்பு, பிறமொழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திற் பாடஞ் சொல்லும் எந்நாட்டு ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

சான்பிரான்சிஸ்கோ நகரின் வழக்கு

பசுபிக் சமுத்திரக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம் சீன மக்கள் நெடுங்காலமாகக் குடியேறி வாழ்ந்துவரும் இடம். 1965ஆம் ஆண்டில் அந்நாட்டின் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், புதிதாக வந்து சேர்ந்த சீனக் குடும்பங்களின் தொகை மேலும் பெருகிற்று. அக்குடும்பங்களின் பிள்ளைகளும் நகரப் பாடசாலைகளிலே சேர்க்கப்பட்டனர். ஆங்கிலம் பேச அறியாத சீன மாணவர் 2,856 பேர் இருந்தனரென்றும், அவர்களுள் ஏறக்குறைய 1,000 பேருக்கு மாத்திரமே ஆங்கிலத்தை மேலதிகமாகக் கற்பிக்கும் ஏற்பாடு இருந்ததென்றும் நீதிமன்றப் பதிவுகள் கூறுகின்றன. எஞ்சிய 1,800 பேரளவினர் விளங்காத மொழியில் நடைபெறும் பாடங்களைக் கேட்டுக்கொண்டு நாள்தோறும் அமர்ந்திருந்தனர். பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தே தீரவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆங்கிலத்தில் உரிய தேர்ச்சி இல்லாதவருக்கு உயர்பாடசாலைச் சான்றிதழ் கிடையாது என்பதும் சட்டம். இவ்விரண்டுக்கும் இடையிலே ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுக்கும் கடமை எவருடையது என்பதே கேள்வியாயிற்று.

1970ஆம் ஆண்டில் கின்னி லாவ் என்னும் சிறுவனின் பெயரால் இவர்களுக்காக வழக்குத் தொடரப்பட்டது. பாடசாலைச் சபைத் தலைவராக இருந்தவரின் பெயரையும் சேர்த்து ‘லாவ் - நிக்கல்ஸ் வழக்கு’ என இது வழங்கலாயிற்று. கீழ் நீதிமன்றங்கள் சிறுவர் பக்கம் சாரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கட்டிடம், ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம் கொடுக்கப்பட்டிருக்கின்றன; ஆதலால் பாரபட்சம் எதுவும் இல்லை என்பது அவற்றின் எண்ணம்.

1974ஆம் ஆண்டு சனவரி 21ஆம் திகதி அதியுயர் நீதிமன்றம் இக்கருத்தை ஒருமனதாக நிராகரித்தது. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு நீதியரசர் வில்லியம் டக்ளஸ் தீர்ப்பை எழுதினார். ஒரே வசதிகளையும் ஒரே புத்தகங்களையும் கொடுத்துவிட்ட மாத்திரத்தில் சமத்துவம் உண்டாகிவிடாது. ஆங்கிலம் விளங்காத பிள்ளைக்குக் கல்வியின் வாயில் அடைபட்டே இருக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். எனினும், எம்முறையாற் கற்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவில்லை. ஆங்கிலத்தைத் தனியே கற்பிப்பது ஒரு வழி, சீன மொழியிற் பாடஞ் சொல்வது மற்றொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்று கூறி, முறையைக் கல்வியாளரிடம் விட்டது.

1981ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து வழக்கொன்றில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இதற்கு உரைகற்களும் வகுத்துக் கொடுத்தது. கைக்கொள்ளும் முறை அறிஞர் ஒப்புக்கொண்ட கொள்கையின்மேல் அமைந்ததா? அதனை நடத்த ஆசிரியரும் கருவிகளும் உளவா? சில காலஞ் சென்றபின் பிள்ளைகள் உண்மையில் முன்னேறினரா? இம்மூன்றும் எந்நாட்டு வகுப்பறைக்கும் பொருந்தும் கேள்விகளென்றே நாம் கருதுகிறோம்.

இருவகை ஆங்கிலம்

உதவி எவ்வளவு காலத்துக்கு வேண்டும்? இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். விளையாட்டு மைதானத்திலே ஒரு பிள்ளை ஆங்கிலத்திற் சரளமாகப் பேசுவதைக் கண்டதும், ‘இனி இதற்கு உதவி வேண்டியதில்லை’ என்று தீர்மானித்துவிடுகின்றனர். கனடா நாட்டுக் கல்வி ஆராய்ச்சியாளர் ஜிம் கமின்ஸ், அன்றாடப் பேச்சுக்கான மொழி வேறு, பாடங்களைக் கற்பதற்கான மொழி வேறு என்று 1979ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். முதலாவது ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதில் சகபாடிகளை எட்டிப்பிடிப்பதற்கோ 5 முதல் 7 ஆண்டுகள் வரை செல்லும் என்பது அவர் கண்ட முடிவு.

காரணம் விளங்காததன்று. பேச்சிலே முகக்குறிப்பும் கையசைவும் கண்முன் நிற்கும் பொருளும் துணை செய்கின்றன. புத்தகத்திலோ அத்துணை இல்லை. ‘டேபிள்’ என்றால் மேசை என்று படித்த பிள்ளை, கணித பாடத்திலே அதே சொல் அட்டவணையைக் குறிக்கக் கண்டு திகைக்கிறது. ‘வொல்யூம்’ என்பது வானொலிப் பெட்டியில் ஒலியின் அளவு. விஞ்ஞான பாடத்திற் கனவளவு. நூலகத்திலோ நூலின் ஒரு பாகம். கூட்டல் கழித்தலில் வல்ல பிள்ளையும் வசனமாக எழுதப்பட்ட கணக்கிலே தோற்றுப்போவதற்குக் கணிதம் காரணமன்று, வசனமே காரணம்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

முதலாவது, பொறுமை. புதுமொழியைக் கேட்கத் தொடங்கிய பிள்ளை சில வாரமோ சில மாதமோ பேசாதிருப்பது உண்டு. அக்காலத்தில் அதன் செவி வேலை செய்துகொண்டே இருக்கிறது. ‘கதவைத் திற’, ‘சிவப்புப் பென்சிலை எடு’ என்பன போன்ற ஏவல்களைச் செய்து காட்டச் சொன்னால், பேச்சில்லாமலே அதன் விளக்கத்தை அறிந்துகொள்ளலாம். வற்புறுத்திப் பேசவைப்பதோ, பேச முயன்றவுடன் ஒவ்வொரு பிழையையும் எல்லோர் முன்னிலையிலும் திருத்துவதோ வாயை மேலும் அடைத்துவிடும். பிள்ளை பிழைபடச் சொன்னதை ஆசிரியர் தாம் சரியாகத் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடர்வதே போதும்.

வினாவிய பின் காத்திருப்பதும் ஒரு கலை. மேரி பட் றோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரி ஒரு வினாடி அளவே காத்திருக்கக் கண்டார். அதனை 3 வினாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையிறுக்க முன்வந்த பிள்ளைகளும் பெருகினர். கேட்டதை ஒரு மொழியில் விளங்கி, விடையை மற்றொரு மொழியில் அமைக்க வேண்டிய பிள்ளைக்கு இந்தச் சில வினாடிகள் எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது, பாடத்தைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டச் செய்தல். படம், பொருள், செயல், கரும்பலகையில் ஒரு கோட்டுச் சித்திரம் ஆகியன சொல்லுக்கு முன்னரே பொருளைக் கொண்டு சேர்க்கும். பாடந் தொடங்குமுன் அதற்கு இன்றியமையாத ஐந்தாறு சொற்களைத் தனியே கற்பிப்பது நன்று. ‘நான் இவ்வாறு எண்ணுகிறேன், ஏனெனில்...’ என்பது போன்ற வாக்கியத் தொடக்கங்களை எழுதிவைத்தால், எஞ்சியதைப் பிள்ளை தன் அறிவால் நிரப்பும். இவற்றுள் எதற்கும் பாடத்தின் தரத்தைக் குறைக்கவேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்பதற்காக ஐந்து வயதுப் பிள்ளைக்குரிய பாடத்தைக் கொடுப்பது உதவியன்று, அவமதிப்பு.

தாய்மொழி தடையா?

கடைசியாக, பெற்றோர் பலரை வாட்டும் ஐயம் ஒன்றுண்டு. வீட்டிலே தாய்மொழி பேசினால் ஆங்கிலம் பின்தங்குமோ என்பதே அது. கலிபோர்னியா மாநிலமும் ஒருகால் இவ்வாறு அஞ்சிற்று. 1998ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இருமொழி வகுப்புகளைப் பெரிதும் கட்டுப்படுத்திற்று. 18 ஆண்டுகளின் பின், 2016ஆம் ஆண்டில், மற்றொரு வாக்கெடுப்பினால் அதே மக்கள் அக்கட்டுப்பாட்டை நீக்கினர்.

ஒரு மொழியிற் பெற்ற அறிவு மற்ற மொழிக்குச் செல்லும்போது அழிவதில்லை. ஒளித்தொகுப்பு இன்னதெனத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை ஆங்கில வகுப்பிலே அதன் பெயரை மாத்திரம் புதிதாகக் கற்றால் போதும். தமிழிலும் விளங்காது ஆங்கிலத்திலும் விளங்காது நிற்கும் பிள்ளையோ பொருளையும் பெயரையும் ஒருங்கே தேடவேண்டும். வாசிப்பும் அவ்வாறே. எழுத்துக் கூட்டி வாசிப்பதன் இரகசியத்தை ஒரு மொழியில் அறிந்தவர் இரண்டாவது மொழியில் அதனை முதலிலிருந்து கற்கவேண்டியதில்லை.

இது நம்மவர்க்குத் தூரத்துச் செய்தியன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் சென்று குடியேறிய ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவர் இத்தகைய வகுப்பறைகளில் அமர்ந்து கற்றனர். இலங்கையிலும் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் சில பாடசாலைகளில் சில பாடங்கள் ஆங்கில மொழிமூலம் கற்பிக்கப்பட்டு வருகின்றன. அங்கும் இங்கும் பிள்ளையின் இடர் ஒன்றே.

ஆகவே, பெற்றோர் தமக்கு ஆங்கிலம் வராதே என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் வகுப்பில் நடக்கவிருக்கும் பாடம் எது என்று ஆசிரியரிடம் கேட்டறிந்து, அதனை முன்கூட்டியே தமிழிற் பிள்ளையுடன் பேசி விளக்கலாம். ஆங்கிலம் நன்கறிந்த மாணவர்கள் தம் அருகில் இருக்கும் சகபாடிக்கு, ஆசிரியர் கூறியதை மெல்லத் தாய்மொழியில் எடுத்துச் சொல்லலாம். ஆசிரியரும் அதனை வகுப்பிற் சத்தமிடுவதாகக் கொள்ளாது கற்றலின் ஒரு பகுதியாகக் கொள்வாராக. இவற்றுக்குப் பணச் செலவு எதுவுமில்லை. வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.