ஒரே பிழையை மூன்று முறை திருத்துவதா?

கணினி நிரல் எழுதுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்தில் சரியாக இயங்கும் வரிகளை அப்படியே நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அன்றைய வேலை விரைவில் முடிந்துவிடும். தொல்லை பிறகுதான் தொடங்கும்.

வங்கி நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே தன்மையுடைய பொருள்களுக்கான வரைவை நிரலாளர்கள் 'வகுப்பு' என்பார்கள். இங்கே 'கணக்கு' தாய் வகுப்பு. சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு ஆகிய மூன்றும் அதன் சேய் வகுப்புகள். கணக்கு எண், உரிமையாளர் பெயர் போன்றவை தாயிடமிருந்து சேய்களுக்குத் தாமாகவே வந்து சேரும். இதுவே மரபுரிமை.

அப்படியிருந்தும் நகல் ஏன் வருகிறது? இரண்டு தேதிகளுக்கு இடையே திறக்கப்பட்ட கணக்குகளைத் தேடித் தரும் செயல்கூறு ஒன்று தேவை. அதைத் தாய் வகுப்புக்காக மட்டும் எழுதினால், கிடைப்பது வெறும் 'கணக்கு'களின் பட்டியல். எந்த வகைக் கணக்கு என்ற விவரம் மறைந்துவிடும். 'இது நிரந்தர வைப்புதான்' என்று நிரலாளரே உறுதி கூற வேண்டும். அது தவறானால், நிரல் ஓடும்போது பாதியில் நின்றுவிடும். இதற்கு அஞ்சியே பலர் மூன்று வகுப்புகளுக்கும் தனித்தனியாக எழுதிவிடுகிறார்கள்.

பின்னொரு நாள், தேடலில் கடைசித் தேதி விடுபடுவது தெரியவருகிறது. இரண்டு இடங்களில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்தால், பாதிக்கப்படுபவர் பணம் போட்டவரே.

வகைக்கு ஒரு காலியிடம்

இதற்குத் தீர்வுதான் 'ஜெனரிக்' எனப்படும் பொதுமைச் செயல்கூறு. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு இடம் விட்டிருப்பதுபோல, இதில் வகைக்கு இடம் விடப்படுகிறது. அந்த இடத்தை 'டி' என்ற எழுத்தால் குறிப்பது வழக்கம். 'டி என்பது கணக்காகவோ அதன் சேயாகவோ இருக்க வேண்டும்' என்று நிபந்தனையும் விதிக்கலாம். நிரந்தர வைப்புப் பட்டியலைக் கொடுத்தால், நிரந்தர வைப்புப் பட்டியலே திரும்பக் கிடைக்கும். வகை மாறினால், நிரல் ஓடும் முன்பே தொகுப்பி சுட்டிக்காட்டிவிடும். திருத்தம் வந்தாலும் ஓரிடத்தில் செய்தால் போதும்.

1995இல் அறிமுகமான ஜாவா மொழிக்கு இவ்வசதி 2004இல்தான் வந்தது. மறு ஆண்டு சி ஷார்ப் மொழியின் இரண்டாம் பதிப்பிலும் இடம்பெற்றது.

ஆனால், எல்லாவற்றுக்கும் இது மருந்தன்று. வட்டி கணக்கிடும் முறை வகைக்கு வகை மாறும். அதை அந்தந்தச் சேய் வகுப்பே தன் வழியில் எழுதுவதுதான் பொருத்தம். செய்முறை ஒன்றாகவும் வகை மட்டும் வேறாகவும் இருக்கும் இடத்திலேயே பொதுமைச் செயல்கூறு கைகொடுக்கும்.

நிரல் பயிலும் மாணவர்கள் நகலெடுத்து ஒட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: 'நாளை இதில் பிழை கண்டால், எத்தனை இடங்களில் திருத்த வேண்டியிருக்கும்?'