டீசலின் வழுவழுப்பு

பொழுது விடியும் முன்பே பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் காய்கறி ஏற்றும் வேலை தொடங்கிவிடும். தேக்கா சந்தைக்கு வெண்டைக்காயும் முருங்கைக்காயும் வந்து சேர லாரிகள் ஓட வேண்டும். லாரி ஒரு நாள் பட்டறையில் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். அதனால்தான் ஓட்டுநர்கள் இயந்திரத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். உலகின் பல இடங்களில் சிலர் டீசல் தொட்டியில் சிறிதளவு எண்ணெயையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் இயந்திரம் தேயாது என்பது அவர்களது நம்பிக்கை.

இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்று மிகுதியாக அழுத்தப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. டீசலை அவ்வளவு வேகத்தில் பீய்ச்சும் பம்பின் உள்ளே உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று நெருங்கி உரசுகின்றன. அவற்றுக்கு இடையேயுள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. பல பம்புகளில் அந்தப் பாகங்களுக்கென்று தனியாக மசகு எண்ணெய் கிடையாது. ஓடும் டீசலே அவற்றை வழுவழுப்பாக வைத்திருக்க வேண்டும். இந்தப் பண்பை 'உயவுத்தன்மை' என்பர்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. டீசலில் உள்ள கந்தகம் எரியும்போது கந்தக டைஆக்சைடு வாயு உண்டாகிறது. சிராங்கூன் சாலையின் ஐந்தடி நடைபாதையில் நடப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். எனவே, சிங்கப்பூர் 2005 டிசம்பரில் டீசலில் உள்ள கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்காகக் கட்டுப்படுத்தியது. 2013 ஜூலையில் அது 10 பங்காகக் குறைக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை நீக்குகிறார்கள். அப்போது டீசலுக்கு இயற்கையாக வழுவழுப்பைத் தரும் வேறு சில பொருள்களும் சேர்ந்து போய்விடுகின்றன. கந்தகமே வழுவழுப்பைத் தருகிறது என்று பலர் நினைப்பது சரியன்று. 1990களின் தொடக்கத்தில் சுவீடன் கந்தகம் குறைந்த டீசலை அறிமுகப்படுத்தியபோது வாகனங்களின் பம்புகள் விரைவில் தேய்ந்து பழுதாயின. காற்று தூய்மையானது, பம்பு கெட்டது!

அதற்குத் தீர்வு காணப்பட்டுவிட்டது. பைன் மரத்திலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்கள் போன்ற பொருள்களை டீசல் நிலையத்துக்கு வருவதற்கு முன்பே அதில் கலந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டருக்குச் சில துளிகளே போதும். அவற்றின் மூலக்கூறுகள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகப் படிகின்றன. அது போதுமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. டீசலில் மூழ்கிய தகட்டின்மேல் சிறிய எஃகுக் குண்டு ஒன்றை 75 நிமிடம் உரசவிடுகிறார்கள். ஐரோப்பியத் தரத்தின்படி, குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 0.46 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

ஆகவே, நல்ல டீசலில் மேலும் எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றினால் தீங்கும் நேரலாம். இயந்திர எண்ணெயில் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் கலந்துள்ளன. அவை எரிந்தபின் சாம்பலாகின்றன. சிங்கப்பூரில் 2018 முதல் புதிதாகப் பதிவாகும் டீசல் வாகனங்கள் 'யூரோ 6' தரத்தில் இருக்க வேண்டும். அத்தகைய லாரிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியைச் சூட்டில் எரித்துவிடலாம். சாம்பலை எரிக்க முடியாது. அது சேரச் சேர வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பழைய லாரிகளில் அந்த வடிகட்டி இல்லாததால் கேடு உடனே தெரிவதில்லை. பழக்கம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நமது ஈரப்பதமான தட்பவெப்பத்தில் தண்ணீரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பாதி காலியான தொட்டிக்குள் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீர்த்துளிகளாகிறது. நீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. பம்புக்குள் போனால் மசகுப் படலத்தைக் கெடுத்துத் துருவையும் உண்டாக்கும். அதைத் தடுக்கவே டீசல் வடிகட்டியில் நீர் சேரும் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். அதன் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிடச் சில நிமிடங்களே ஆகும்.